குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?



இவ்வாரத் தியானப் பகுதி: எபேசியர் 3:14, 15.

சிறையிலிருந்து எழுதுகிற பவுல் அப்போஸ்தலன், பரலோகத்திலும் பூலோகத்திலும் உள்ள குடும்பம் அனைத்தும் பிதாவினிடத்திலிருந்தே தன் பெயரைப் பெறுகிறது என்று சொல்லி, அந்தப் பிதாவின் முன் முழங்காற்படியிடுகிறார். நம் தமிழ் வேதாகமம் இங்கே பிதாவை 'நாமகாரணர்' என்ற அழகிய சொல்லால் அழைக்கிறது. கிறிஸ்துவின் அன்பின் அகலத்தையும் ஆழத்தையும் பேசும் அடுத்த வசனங்களுக்கு விரைந்து சென்றுவிடும் நாம், இந்தச் சொல்லில் தங்குவது குறைவு. இவ்வாரம் சற்றே தங்குவோம். ஏனெனில், மரக்காணம் கடற்கரையில் வாழும் நம் பிள்ளைகள் பலர் அண்மை ஆண்டுகளாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "ஐயா, பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப்பெயர் என்று கேட்கிறார்களே, அதில் நான் எதை எழுதுவது?"

உப்பளத்தில் பாத்தி கட்டியும் உப்பு வாரியும் கூடை சுமந்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரின் மக்கள் இவர்கள். கட்டுமரத்திலும் படகிலும் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். இவர்களுடைய பெயர் ஒரே சொல். அதற்கு முன்னால் தந்தையின் முன்னெழுத்து ஒன்று. ஊரில் அது போதும். கடல் கடந்தால் போதவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் இருக்கும் பயணிகளைச் சுற்றுலா விசா போன்றவற்றில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தையின் பெயரோ குடும்பப்பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கமும் தந்தது. அந்த அறிவிப்புக்குப் பின் தமிழகம் முழுவதும் எத்தனையோ இளைஞர்கள் அந்த வெற்றுக் கட்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

இ-சேவை மையத்தில் முடிந்துவிடும் கேள்வி இது என்று தோன்றலாம். நான் அப்படி எண்ணவில்லை. யார் பெயரால் நாம் அழைக்கப்படுகிறோம் என்பது திருச்சபையின் கேள்வி. அந்தக் கட்டத்தைச் சிலர் தந்தையின் பெயரால் நிரப்புகிறார்கள், அது நன்று. சிலர், விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறவரின் யோசனையைக் கேட்டு, பாட்டன் காலத்தில் கைவிடப்பட்ட சாதிப் பட்டத்தை மீண்டும் தேடி எடுத்து எழுதுகிறார்கள். "எல்லா மாநிலத்தாரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். என் கருத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் அந்தக் கட்டத்தில் சாதியை எழுதலாகாது. ஏன் என்பதை வேதத்தைக் கொண்டும் சரித்திரத்தைக் கொண்டும் சிந்திப்போம்.

முன்னெழுத்தின் மேன்மை

நம் முன்னெழுத்தைக் குறைவான ஏற்பாடு என்று எண்ணவேண்டாம். அது வேதாகமத்தின் வழக்கத்துக்கு மிக நெருக்கமானது. ஆண்டவர் பேதுருவை அழைக்கும்போது யோனாவின் குமாரன் என்னும் பொருள்பட 'பர்யோனா' என்று சேர்த்து அழைக்கிறார் (மத்தேயு 16:17). நம் வழக்கில் எழுதினால், யோ. சீமோன். எரிகோ வழியில் உட்கார்ந்து பிச்சை கேட்ட குருடனை மாற்கு சுவிசேஷகன் பர்திமேயு என்றும், அவன் திமேயுவின் மகன் என்றும் எழுதிவைக்கிறார் (மாற்கு 10:46). அதே அதிகாரத்தில், மிகுந்த ஆஸ்தியுள்ளவனாக ஆண்டவரிடம் ஓடிவந்து திரும்பிச் சென்றவனுக்குப் பெயர் இல்லை. பிச்சைக்காரனுக்குத் தன் பெயரும் தகப்பன் பெயரும் இருக்கின்றன. யாருடைய பெயரைப் பரலோகம் நினைவில் வைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

தமிழகத்தில் பெயருக்குப் பின் சாதி இல்லாத நிலை தானாக வந்துவிடவில்லை. 1929 பிப்ரவரியில், நமக்கு வடக்கே செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்கவேண்டும் என்று அங்கே தீர்மானம் ஆயிற்று. மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியன் தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை விட்டுவிட்டார். அந்த இயக்கத்தார் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் அல்லர். மதங்களைக் கடுமையாகக் கண்டித்தவர்கள். ஆயினும், கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடு இல்லை (கலாத்தியர் 3:28) என்று வாரந்தோறும் வாசித்த நாம் செய்யத் தயங்கியதை அவர்கள் பொதுவெளியில் செய்தார்கள். இதை ஒப்புக்கொள்வதால் நம் விசுவாசம் குறைந்துபோகாது.

நாம் தயங்கினோம் என்பதும் சரித்திரம். 1833ஆம் ஆண்டிலேயே கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழியவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதை எதிர்த்துப் பலர் சபையைவிட்டே விலகிப்போனார்கள். மறுபுறத்தில் ஒரு நற்செய்தியும் உண்டு. நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து 1745இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன், அவருடைய பெயரோடு நெடுங்காலமாகச் சேர்த்து எழுதப்பட்ட சாதிப் பட்டத்தை நீக்கவேண்டும் என்ற வேண்டுகோள் எழுந்தது. வத்திக்கான் அதை நீக்கியது. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதற்காகவும் பாடுபட்ட மனிதரின் பெயரில் அந்தப் பட்டம் இத்தனை காலம் தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுவதற்கு இருநூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆயின.

கடலுக்கு அப்பால்: ஒரு தீவின் பெயர்கள்

உலகத்தார் எல்லாருக்கும் குடும்பப்பெயர் இருக்கிறது. நமக்கு மட்டும்தான் இல்லை என்று ஏங்குகிற பிள்ளைகளுக்காகக் கியூபா தீவைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். ஸ்பெயினின் வழக்கப்படி அங்கே ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு. முதலாவது தந்தையுடையது; இரண்டாவது தாயுடையது. அங்கே மிகுதியாக வழங்கும் பெயர்களின் பொருளைப் பாருங்கள். பெரெஸ் என்றால் பேதுருவின் மகன். ரொட்ரிகெஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். பெர்னாண்டெஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். 'பர்யோனா' என்பதும் நம் முன்னெழுத்தும் சொல்வதையே அந்த ஈற்றெழுத்தும் சொல்கிறது. எப்போதோ வாழ்ந்த ஒரு தகப்பனின் பெயர், தலைமுறைதோறும் மாறாமல் உறைந்து, குடும்பப்பெயராகிவிட்டது. அவ்வளவே. இன்னொரு பெயர் நமக்கு மிக நெருங்கியது: சலினாஸ். அதற்கு உப்பளம் என்று பொருள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அப்பெயரை மக்கள் தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை என்று சொல்லக் கூசும் நம் மாணவர்கள் இதை அறிந்திருக்கட்டும்.

ஆனால் அந்தத் தீவின் பெயர்களுக்குள் கண்ணீரும் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஒரு ஸ்பானியப் பெயர் தரப்பட்டது. தகப்பனின் பெயரும் தாயின் பெயரும் கேட்கப்படவில்லை. அவற்றுக்குப் பதிலாக காங்கோ, லுக்குமி, மண்டிங்கா என்று இனத்தைக் குறிக்கும் முத்திரை ஒன்று ஒட்டப்பட்டது. 1886இல் அடிமைமுறை ஒழிந்தபின் பலர் பழைய எஜமானின் குடும்பப்பெயரையே சுமந்தார்கள். எல்லாருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் இருக்கும் நாட்டில் அவர்களுக்கு ஒன்று மட்டுமே இருந்தது. எனவே பத்திரங்களில் அவர்கள் பெயருக்குப் பின் 'வேறு குடும்பப்பெயர் இல்லை' என்று மூன்றெழுத்துச் சுருக்கத்தால் குறித்தார்கள். விடுதலை வந்தபின்னும் அந்த மூன்றெழுத்து, இவர் அடிமையின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சட்டம் விலங்கை அவிழ்த்தது, பதிவேடு அவிழ்க்கவில்லை.

அதே தீவின் தலைநகரான ஹவானாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெரோனிமோ வால்டேஸ் என்ற பேராயர் இருந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக அவர் ஓர் இல்லத்தை நிறுவினார். அங்கே வந்து சேர்ந்த குழந்தைகளுக்குத் தந்தை பெயர் தெரியாது. தாய் பெயர் தெரியாது. படிவத்தின் கட்டம் வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்தில் அவருடைய குடும்பப்பெயரே எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவ்வில்லத்தின் குழந்தைகள் வால்டேஸ் ஆனார்கள். பிளாசிதோ என்று அறியப்பட்டு, 1844இல் ஸ்பானிய ஆட்சியால் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞரும் அவ்வில்லத்தில் விடப்பட்ட ஒரு வால்டேஸ்தான். உலகம் பொல்லாதது, வால்டேஸ் என்றாலே அநாதை என்று பின்னாளில் ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆயினும் அந்தப் பேராயரின் செயலில் சுவிசேஷத்தின் சாயல் இருக்கிறது. நமக்கும் சொல்லிக்கொள்ளத்தக்க பெயர் இருக்கவில்லை. பிதா நம்மைப் புத்திரசுவிகாரம் செய்து தம்முடைய நாமத்தை நமக்குத் தந்தார் (ரோமர் 8:15).

இருவரும் கிறிஸ்தவர்களே. ஒருவர் குழந்தையைத் தழுவுவதற்காகப் பெயர் கொடுத்தார். மற்றவர் அடிமையை அடையாளம் காண்பதற்காகப் பெயர் கொடுத்தார். இரண்டும் ஞானஸ்நானப் பதிவேடுகளில் எழுதப்பட்டன. பெயர் எழுதும் கை எப்படிப்பட்ட கையாக இருக்கவேண்டும் என்று திருச்சபை நடுங்கிச் சிந்திக்கவேண்டிய இடம் இது.

நம் கடற்கரையின் பெயர்கள்

நம் நாட்டிலும் இத்தகைய பெயர்க் கதைகள் உண்டு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்வதற்கு முன்பே முத்துக்குளித்துறையின் பரதவர் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றுப் போர்ச்சுக்கீசியப் பெயர்களை ஏற்றார்கள். பர்னாந்து, ரொட்ரிகோ, கோஸ்தா, மச்சாடோ என்று இன்றும் அவை வழங்குகின்றன. கோஸ்தா என்றால் கடற்கரை. கரையில் வாழ்வோருக்குப் பொருந்திய பெயர்தான். மச்சாடோ என்றால் கோடரி. பெயர் அயல்நாட்டுடையது என்பதால் அந்த மக்கள் அயலார் ஆகிவிடவில்லை. தூத்துக்குடியின் தாகம் தீர்க்கக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவை அந்த நகரம் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. அவர் பெயரை நிலைநிறுத்தியது குழாயில் வந்த தண்ணீர்.

நமக்குத் தெற்கே அருகிலேயே இருக்கும் புதுச்சேரியில் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர் அவ்வாறு அறிவிக்கலாம், அறிவித்தால் ஒரு குடும்பப்பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும், பின்வாங்க முடியாது. அதற்கு முன்னின்றவர் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டவர் அவர். அவர் தெரிந்துகொண்ட குடும்பப்பெயர் லாப்போர்த். அதற்கு வாசல் என்று பொருள். துறந்தோர் என்று அழைக்கப்பட்ட அம்மக்களுள் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்டோரும் பலர். பிறப்பு அடைத்துவைத்த கதவு ஒன்று திறக்கும் என்று நம்பியே புதிய பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை அந்நிய மோகம் பிடித்தவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். சொந்த ஊரில் மதிப்போடு அழைக்கப்பட்டிருந்தால் வேறொரு மொழியில் ஏன் பெயர் தேடியிருக்கப்போகிறார்கள்?

அதே புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். கியூபாவைப் போலவே அவையும் கரீபியக் கடலின் கரும்புத் தீவுகள். முத்துசாமி என்ற பெயர் அங்கே எழுத்தரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டு, குடும்பப்பெயராக நிலைத்தது. குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குச் சென்ற ஏர்னஸ்ட் முத்துசாமி அதற்குச் சான்று. தமிழை மறந்த பேரப்பிள்ளைகளிடமும் யாரோ ஒரு முத்துசாமியின் பெயர் மறையாமல் நிற்கிறது. தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுகிறவர் எத்தனை பெரிய காரியத்தைச் செய்கிறார் என்று இதனால் விளங்குகிறது. நாளை உலகின் எந்த மூலைக்குப் போனாலும், மரக்காணத்து உப்பளத்தில் வியர்வை சிந்திய ஒருவரின் பெயரை உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் சுமப்பார்கள்.

கிறிஸ்தவப் பெயர் என்றால் அயல்நாட்டு ஒலி வேண்டும் என்பதும் தவறான எண்ணம். பழைய தமிழ்க் கத்தோலிக்கர் பவுலைச் சின்னப்பர் என்றார்கள். அப்பெயரின் லத்தீன் வேருக்குச் சிறியவர் என்பது பொருள். யோவானை அருளப்பர் என்றார்கள். அவர் பெயரின் எபிரேயப் பொருள் கர்த்தருடைய கிருபையைச் சொல்வது. ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைத் தமிழாக்கினார்கள். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர் ஆரோன் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்று, 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதன்முதலாகச் சீர்திருத்தச் சபையின் குருவானவர் அவரே. இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளையோ ஞானஸ்நானத்துக்குப் பின்னும் கிருஷ்ணன் என்ற பெயரைத் தக்கவைத்தார். ஒருவர் மாற்றினார், ஒருவர் வைத்துக்கொண்டார். இருவரையும் ஆண்டவர் பயன்படுத்தினார்.

இரண்டு பெயர்களோடு வாழ்வோர்

இனிச் சொல்லப்போவது நம்மில் பலருக்கு வலிக்கும் காரியம். ஆலயத்தில் ஒரு பெயர், அரசுச் சான்றிதழில் வேறொரு பெயர் என்று வாழும் விசுவாசிகள் தமிழகத்துச் சபைகளில் அநேகர். காரணம் நமக்குத் தெரியும். 1950இல் வெளியான பட்டியல் இனத்தோர் ஆணையின்படி, இந்து மதத்தைச் சேராத ஒருவர் அப்பட்டியலில் இடம்பெற முடியாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கிடப்படுகிறார்கள். தடையை நீக்கவேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரிலோ, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தில் நடந்துகொண்டே சலுகைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசமைப்புக்கு எதிரான மோசடி என்று தீர்ப்பளித்தது.

பொய்யை நியாயப்படுத்த நான் துணியமாட்டேன். ஆனால் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைச் சகோதரியை நோக்கிக் கல்லெறியவும் திருச்சபைக்கு உரிமை இல்லை. சாதி என்பது ஞானஸ்நானத் தொட்டியோடு முடிந்துவிட்டது என்று நீதிமன்றத்திடம் யார் சொல்ல முடியும்? கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய சபைகள் சொல்ல முடியுமா? திருமணப் பேச்சில் "நம்ம ஆட்களா?" என்று விசாரிக்கும் வீடுகள் சொல்ல முடியுமா? சாதியின் சுமையைச் சபைக்குள்ளும் சுமக்கிறவர், அதற்குரிய ஈட்டைச் சபைக்கு வெளியே இழக்கிறார். இந்த இரட்டை அநீதியின் முதல் பாதிக்கு நாமே பொறுப்பாளிகள்.

வேதத்தில் இரண்டு பெயர்களோடு வாழ்ந்தோர் உண்டு. எஸ்தருக்கு அத்சாள் என்றும் பெயர். அரண்மனையில் அவள் தன் குலத்தை அறிவிக்காதிருந்தாள் (எஸ்தர் 2:7, 10). வேதம் அவளைத் தூற்றவில்லை. ஆனால் மறைந்திருக்க முடியாத ஒரு நாள் வந்தது. அன்று அவள் தன் ஜனத்தோடு நின்றாள். பாபிலோனில் தானியேலுக்கும் அவன் தோழருக்கும் அந்நிய தேவர்களின் சாயலுள்ள பெயர்கள் இடப்பட்டன (தானியேல் 1:7). அனனியா, மீஷாவேல், அசரியா என்ற சொந்தப் பெயர்களைவிட, சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்று ராஜா இட்ட பெயர்களாலேயே அம்மூவரையும் நாம் அதிகம் அறிந்திருக்கிறோம். அக்கினிச் சூளையில் அவர்களோடு உலாவினவர், எந்தப் பெயரில் உங்களை எரிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தம்முடையவர்களை அவர் அறிந்திருந்தார். இரண்டு பெயர்களோடு வாழும் சகோதர சகோதரிகளே, ஆண்டவர் உங்களை இரண்டு மனிதராகப் பார்ப்பதில்லை. எஸ்தருக்கு வந்ததுபோல ஒரு நாள் உங்களுக்கும் வரலாம்; அன்று உங்களோடு நிற்கும் சபையாக நாங்கள் இருக்கவேண்டும் என்பதே என் ஜெபம்.

தாயின் பெயரும் பெயர்தான்

தந்தை விட்டுப்போன பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்மார் நம் சபைகளில் இருக்கிறார்கள். விடியுமுன் உப்பளத்துக்கு நடந்து, வெயிலேறும் வரை உப்புச் சுமந்து, பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். முன்னெழுத்து என்ன என்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். தலைகுனிய வேண்டாம். நாசரேத்தூரார் நம் ஆண்டவரை மரியாளுடைய குமாரன் என்றே சொன்னார்கள் (மாற்கு 6:3). ஏளனமாகச் சொன்னார்களோ என்னவோ, அவர் அதை மறுக்கவில்லை. 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரில் ஒருவரின் பெயர் போதும். அரசாங்கம் இறங்கிவந்த அளவுக்காவது ஆலயப் பதிவேடு இறங்கிவரக் கூடாதா? ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பெயருக்குரிய இடத்தில் கோடு போடுவதும், கியூபாவின் அந்த மூன்றெழுத்தும் ஒன்றே.

பதிவேடு எவ்வளவு கொடியதாகக்கூடும் என்று நெகேமியா அறிந்திருந்தார். பர்சிலாயின் மகளை மணந்து அந்தக் குடும்பத்தின் பெயரைத் தரித்துக்கொண்டவரின் வம்சத்தார், சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்தபோது, தங்கள் பெயரை வம்ச அட்டவணையில் தேடிக் காணாமற்போனார்கள். ஆசாரியத்துவத்துக்கு விலக்கப்பட்டார்கள் (நெகேமியா 7:63-65). எழுத்தில் இல்லாதவருக்கு ஊழியம் இல்லை என்பது அக்கால நியாயம். கிறிஸ்து வந்தபின் நமக்கு வேறொரு புஸ்தகம் இருக்கிறது. நம் நாமங்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதைக் குறித்தே சந்தோஷப்படும்படி அவர் சீஷருக்குச் சொன்னார் (லூக்கா 10:20).

ஆகவே நம் சபைகள் செய்யவேண்டியவை என்று நான் கருதுபவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் தாயின் பெயரும் தந்தையின் பெயரும் முழுமையாக எழுதப்படட்டும். ஒருவர் பெயர் மட்டுமே இருந்தால் அதுவே நிறைவாக எண்ணப்படட்டும். அழைப்பிதழ்களிலும் கல்வெட்டுகளிலும் நன்கொடைப் பலகைகளிலும் சாதிப் பட்டம் இடம்பெற வேண்டாம். பட்டம் பெரிய காணிக்கையோடு வந்தாலும் வேண்டாம். அரசுப் படிவத்தில் குடும்பப்பெயர் கேட்கப்படும்போது நம் பிள்ளைகள் தகப்பனுடைய பெயரையோ தாயினுடைய பெயரையோ எழுதட்டும். பெற்றோர், பிள்ளைக்கு வைத்த பெயரின் பொருளையும், அதை ஏன் வைத்தோம் என்பதையும் ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லட்டும். யோசே என்பவனுக்கு அப்போஸ்தலர் ஆறுதலின் மகன் என்னும் பொருள்பட பர்னபா என்று மறுபெயர் இட்டது அவன் நடக்கையைக் கண்டே (அப்போஸ்தலர் 4:36). பிறர் நமக்கு மனதுக்குள் இடும் பெயரும் அவ்வாறே அமையட்டும்.

உப்பு தன் சாரத்தை இழந்தால் என்னவாகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. கிறிஸ்தவன் என்ற பெயருக்கும் அதே நியாயம்தான். அந்தப் பெயரின் பின்னால் சாதியைச் சேர்த்து எழுதும்போது சாரம் போகிறது. மேடு கட்டி வைத்திருந்தாலும் அது வெறும் வெண்மண்.

ஜெபிப்போம்.

எங்கள் நாமகாரணராகிய பிதாவே, எங்களைப் பெயர்சொல்லி அழைத்தீர், அதற்காக ஸ்தோத்திரம். பிறப்பால் வந்த பெருமையை எங்கள் பெயர்களிலிருந்தும், அதற்கு முன்பே எங்கள் இருதயங்களிலிருந்தும் நீக்கியருளும். பெயரால் காயப்பட்டவர்களைத் தேற்றும். வெளிநாட்டுக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் பெயரையும் உம்முடைய நாமத்தையும் கனத்தோடு சுமக்கச் செய்யும். ஜெயங்கொள்ளுகிறவனுக்கு நீர் வெண்கல்லில் எழுதித் தரும் புதிய நாமத்தைக் காணும் நாள்வரை எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.